மணிக்கட்டுக் காப்புக்குத் தடை, முழங்கால் பிரேஸுக்கு அனுமதி: ஏன்?

கேள்வி:
பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஆடும் என் மகளுக்குச் சென்ற ஆண்டு இடது மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பின், ஆடும்போது மட்டும் அணியச் சொல்லி மருத்துவர் மணிக்கட்டைப் பாதுகாக்கும் ஒரு பிளாஸ்டிக் காப்பு கொடுத்தார். அதன்மேல் பஞ்சு வைத்து, துணிப்பட்டை சுற்றித்தான் அனுப்பினேன். நடுவரோ அதை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, கழற்றினால்தான் களமிறங்கலாம் என்று சொல்லிவிட்டார். எதிரணிப் பெண் ஒருத்தி உலோகப் பட்டை வைத்த முழங்கால் பிரேஸுடன் (மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் உறை) ஆடினாள். இருவரும் காயம்பட்டவர்கள்தானே, இந்த வேறுபாடு எதற்காக?

பதில் 1 (நடுவர்):
அம்மா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் நடுவர் செய்தது சரியே. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் (FIBA) விதிகளில் 4-ஆவது பிரிவு, விரல், கை, மணிக்கட்டு, முழங்கை, முன்கை ஆகியவற்றில் தோல், பிளாஸ்டிக், உலோகம் போன்றவற்றாலான காப்புகளை, மேலே மெத்தென்று உறையிட்டிருந்தாலும் அனுமதிப்பதில்லை. அணிபவரைவிட எதிரே நிற்பவரைக் காப்பதே அவ்விதியின் நோக்கம். ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, எழும் கை அடுத்தவரின் முகத்தருகேதான் வீசப்படுகிறது. பயிற்சி ஆட்டமொன்றில் இத்தகைய காப்பின் விளிம்பு பட்டு ஒரு சிறுவனின் புருவம் கிழிந்ததை நான் நேரில் கண்டேன். முழங்கால் அப்படி முகத்தருகே வீசப்படுவதில்லை; அதற்கான பிரேஸுக்கு அனுமதி உண்டு. அடிபட்ட மூக்குக்கான காப்பு கடினப் பொருளால் ஆனதாக இருந்தாலும் அணியலாம்.

பதில் 2 (பயிற்சியாளர்):
டேப் சுற்றுவதற்குத் தடையில்லை என்பதால், மணிக்கட்டு அளவுக்கு மீறி வளையாதபடி சுற்றித் தர முடியுமா என்று பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். 10 செ.மீ. அகலத்துக்கு மிகாத துணி மணிக்கட்டுப் பட்டையையும் அணியலாம். டேப், பட்டை, கையை இறுக்கிப் பிடிக்கும் கைச்சட்டை (ஸ்லீவ்) முதலியவை அணி முழுவதற்கும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வாங்குமுன் பயிற்சியாளரிடம் கேட்டுவிடுங்கள். காப்பு இல்லாமல் ஆடவே கூடாது என்று மருத்துவர் சொன்னால், அவள் இன்னும் சில வாரங்கள் காத்திருப்பதே நல்லது.

பதில் 3:
இவ்விதிகள் மாறாதவை அல்ல. 2014-இல் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில், இந்திய வீரர்கள் அம்ரித்பால் சிங், அம்ஜோத் சிங் இருவரையும் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னது பெரும் சர்ச்சையானது. முகத்தை மறைக்காத, அணிபவருக்கும் பிறருக்கும் ஆபத்தில்லாத தலையணிகளை அனுமதிக்கும் மாற்றம் 2017 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் தலைப்பாகை எவரையும் காயப்படுத்துவதில்லை, கையில் கட்டிய பிளாஸ்டிக் காயப்படுத்தக்கூடும். அதனால் உங்கள் மகளின் காப்புக்கு அத்தகைய தளர்வை நான் எதிர்பார்க்கவில்லை.

கேட்டவர்:
எதிரே நிற்கும் பிள்ளையைப் பற்றி நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. திங்கட்கிழமை பிசியோதெரபிஸ்டைப் பார்க்கிறோம். அணியின் டேப் வெள்ளையா கறுப்பா என்று மகளிடம் இன்றே கேட்டுவிடுகிறேன்.