இழையும் சீஸ், உருகாத சீஸ்: ஏன் இந்த வேறுபாடு?

கேள்வி: மொசரெல்லா சூட்டில் நூல்போல் நீள்கிறது, நன்கு முதிர்ந்த செடாரில் எண்ணெய் பிரிகிறது, ரிக்கோட்டாவோ உருகுவதே இல்லை. மூன்றும் பாலிலிருந்து வந்தவைதாமே?

பதில் 1: ரென்னெட் நொதியால் உறையும் பாலில் கேசின் புரதங்கள் கால்சியத்தால் பிணைந்த வலையாகின்றன. மொசரெல்லாவுக்கான கட்டி ஏறத்தாழ 5.2 பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவீடு; எண் குறையக் குறைய புளிப்பு அதிகம்) அளவுக்குப் புளிக்கும்போது கால்சியத்தில் ஒரு பகுதி கரைந்து வலை நெகிழ்வதால், அதை வெந்நீரில் இட்டு இழுத்துப் பிசைகையில் புரதங்கள் இழையிழையாக ஒரே திசையில் அடுக்கப்படுகின்றன. அதன் தனிச்சிறப்பே இதுதான்.

பதில் 2: நண்பர் கூறியது சரி. செடார் போன்ற சீஸ் முதிரும்போது நொதிகள் அந்த வலையைத் துண்டாக்குவதால் சுவை ஆழமாகிறது, நீளும் தன்மை குறைகிறது. குறைந்தது 12 மாதங்கள் முதிரும் பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற இத்தாலியக் கடின சீஸைத் துருவித் தூவுவதே சிறப்பு.

பதில் 3: ரிக்கோட்டா, சீஸ் தயாரித்தபின் எஞ்சும் தெளிநீரைச் சூடாக்கி அதிலுள்ள புரதத்தைத் திரட்டுவது. வெப்பத்தால் இறுகிய அப்புரதம் மீண்டும் சூட்டில் இளகாது.