டிரம்பெட் மவுத்பீஸ்: யாருக்கு எது ஒத்து வந்தது?

சிப்புட்_பித்தளை:
எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் டிரம்பெட் எடுக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளி பேண்டில்தான் தொடங்குகிறார்கள். வாத்தியப் பெட்டியிலேயே பாக் கம்பெனியின் 7சி அல்லது யமஹாவின் 11பி4 மவுத்பீஸ் (உதட்டை வைத்து ஊதும் முனை) இருக்கும். ஆரம்பத்துக்கு அது போதும்.

போன மாதம் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவன் வீட்டுக்கு வந்தான். கையில் புத்தம் புது பாக் 1½சி. "பெருசா போட்டா சவுண்டு பெருசா வரும்"னு சீனியர் சொன்னாராம். 7சியின் உள்வாய் அகலம் 16.2 மில்லிமீட்டர், இது 17. ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். உதட்டைக் கேட்டால் தெரியும். கீழ் ஸ்தாயியில் நாதம் கொழுகொழுவென்று வந்தது, எனக்கே ஆசையாக இருந்தது. நம் தேசிய கீதமான நெகாராகூவை இரண்டாம் தடவை ஊதும்போது மேல் சுரங்களில் சுருதி இறங்கிவிட்டது. எட்டிப் பிடிக்க வாத்தியத்தை முகத்தோடு அழுத்தினான். எடுத்தபோது உதட்டில் சிவப்பாக ஒரு வளையம். கொஞ்சம் ஓய்வு கொடுத்து 7சி மாட்டினோம், பாட்டு கடைசிவரை நின்றது.

கடையில் முதல் இரண்டு நிமிஷம் எந்த மவுத்பீஸும் நன்றாகத்தான் ஊதும். உதடு களைத்த பிறகு ஊதிப் பாருங்கள், அதுதான் சோதனை. ஆகஸ்டில் மெர்டேக்கா (சுதந்திர தின) ஊர்வலத்துக்கு வெயிலில் நடந்துகொண்டே ஊத வேண்டுமே!

லயத்து_வீடு:
சரியாச் சொன்னீங்கண்ணே. எண்ணிலும் ஒரு வம்பு இருக்கிறது. பாக்கில் எண் குறையக் குறைய அகலம் கூடும், யமஹாவில் எண் கூடினால்தான் அகலம். எழுத்தும் தலைகீழ்: பாக்கில் ஏ என்றால் ஆழமான கிண்ணம் (மவுத்பீஸின் உள்குழி), யமஹாவில் ஏ என்றால் ஆழம் குறைந்தது. என் மச்சான் மேல் சுரத்துக்காக ஆழம் குறைந்ததைத் தேடி, எழுத்தை மட்டும் நம்பி பாக்கில் 'பி' வாங்கி வந்தார். இருட்டான குரல்! கல்யாண பேண்டில் பக்கத்திலிருந்த சாக்ஸபோன் அவரை அமுக்கிவிட்டது.

ஈப்போ_கொயர்:
இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று எங்கள் தேவாலயத்துக்கு ஒன்று வாங்கினார்கள். வந்தது கார்னெட்டுக்கானது, அதாவது டிரம்பெட் போலவே இருக்கும் இன்னொரு வாத்தியத்துக்கானது. தண்டு குட்டை, மெலிசு. டிரம்பெட்டில் லொடலொடவென்று ஆடியது. படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், கேட்டு வாங்குங்கள். பழையது வாங்கினால் விளிம்பைத் தடவிப் பாருங்கள். வெள்ளி முலாம் தேய்ந்து பித்தளை தெரிந்தால் சிலருக்கு உதடு அரிக்கும். எங்கள் பையன் ஒருவனுக்கு அப்படித்தான் கொப்புளம் வந்தது.

சிப்புட்_பித்தளை:
நன்றி அக்கா. தம்பி இப்போது 7சியோடு சமாதானம் ஆகிவிட்டான், ஆனாலும் 3சி மேல் ஒரு கண். அது 16.3தான், பெரிய தாவல் இல்லை. யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், அடுத்த சனிக்கிழமை ஈப்போ வருகிறேன். வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் ஊதிப் பார்க்கட்டும்.