நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘நவுண்’, ‘வேர்ப்’ எல்லாம் இப்போதே வேண்டுமா?

பனங்கூடல்:
என் மகன் தரம் 4. நேற்று அவனுடைய ஆங்கிலக் கொப்பியைப் பார்த்தேன். நான்கு கட்டம் கீறி நவுண் (பெயர்), வேர்ப் (வினை), அட்ஜெக்டிவ் (பெயருக்கு அடை), அட்வேர்ப் (வினைக்கு அடை) என்று தலைப்புப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே பத்துப் பத்துச் சொல். வரைவிலக்கணமும் மனப்பாடம்: செயலைக் குறிக்கும் சொல் வேர்ப். பின்னேரம் செவ்வரத்தைக்குத் தண்ணீர் விடும்போது, “ஐ வோட்டர் த பிளாண்ட்ஸ்” என்று சொல்லி, இதில் வேர்ப் எது என்று கேட்டேன். “இதில் வேர்ப் இல்லை அம்மா. வோட்டர் நவுண்” என்றான். ஓடிப்போய்க் கொப்பியைக் கொண்டுவந்தும் காட்டினான். உண்மைதான், நவுண் கட்டத்தில் மூன்றாவது சொல் அது.

தரம் 1, 2 இல் ஆங்கிலம் வெறும் பேச்சாகவும் விளையாட்டாகவும்தான் போகிறது. முறையான பாடம் தொடங்குவதே தரம் 3 இல். அதற்குள் இந்தப் பெயர்கள் எதற்கு? பேசவும் வாசிக்கவும் வந்தபிறகு சொல்லிக்கொடுத்தால் போதாதா?

வெண்கட்டி:
தங்கச்சி, பெயர் சொல்லிக்கொடுத்ததில் பிழையில்லை. நான் 31 வருடம் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். முதல் வருடம் திருத்திய அதே பிழையைக் கடைசி வருடமும் திருத்தினேன். “ஷீ இஸ் பியூட்டி.” “ஐ ஆம் ஹங்கர்.” பிள்ளை முட்டாள்தனமாக எழுதவில்லை. ‘அவள் அழகு’ என்றால் தமிழில் வசனம் முடிந்துவிடும். ‘எனக்குப் பசி’ என்றாலும் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு ‘பியூட்டிஃபுல்’, ‘ஹங்ரி’ வேண்டும். அட்ஜெக்டிவ் என்ற ஒரு பெயர் கையில் இல்லாமல் இதை எப்படி விளங்கப்படுத்துவது?

கேட்கக் கேட்க வரும் என்பார்கள். வீட்டிலும் சந்தையிலும் ஆங்கிலம் காதில் விழும் பிள்ளைக்கு வரும். எங்கள் பிள்ளைகளுக்கு அது வகுப்பறையில் மட்டும்தான் விழுகிறது. குறுக்குவழி கொடுக்கத்தான் வேண்டும்.

கடலோரம்:
வணக்கம் சேர். தீவகத்தில் 3, 4, 5 மூன்றுக்கும் ஆங்கிலம் எடுக்கிறேன். ‘ஷீ இஸ் பியூட்டி’ என் கொப்பிக் கட்டிலும் இருக்கிறது, அதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் அந்தக் கட்டத்தை ஒத்துக்கொள்ள மாட்டேன். கட்டத்துக்குள் போட்டால், சொல் பிறக்கும்போதே வகை எழுதப்பட்டது என்று பிள்ளை நினைக்கிறது. பனங்கூடல் அக்காவின் மகனுக்கு நடந்ததும் அதுதான். தமிழில் ‘ஓடு’ கூரைக்கு மேலே இருந்தால் பெயர், பிள்ளையைப் பார்த்துச் சொன்னால் வினை. அடி, படி, கட்டு எல்லாம் அப்படியே. இது பிள்ளைக்கு ஏற்கனவே தெரியும். தெரிந்ததிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் செய்வது இதுதான். கரும்பலகையில் இரண்டு வசனம், நடுவில் இடைவெளி. “த ___ இஸ் ரெட்.” “ஐ ___ இட் எவ்ரி டே.” பிரஷ், பெயின்ட், வோஷ், செயார் என்று அட்டைகள் கொடுப்பேன். ‘பிரஷ்’ இரண்டிலும் பொருந்தும். போன கிழமை ஒரு பிள்ளை ‘செயார்’ அட்டையை இரண்டாவது இடைவெளியில் வைத்தாள், வசனத்தை வாய்க்குள் வாசித்தாள், அட்டையைத் தானே எடுத்துவிட்டாள். நான் வாயே திறக்கவில்லை.

வெண்கட்டி:
நல்ல முறை, மனதாரச் சொல்கிறேன். ஆனால் அந்த இரண்டு இடைவெளிக்கும் கடைசியில் என்ன பெயர் சொல்வீர்கள்? ‘முதலாவது இடம்’, ‘இரண்டாவது இடம்’ என்றா? நாளைக்கு வேறொரு வசனத்தைப் பற்றி அதே பிள்ளையோடு எப்படிப் பேசுவீர்கள்?

மூன்றாம்வாங்கு:
இடையில் வருகிறேன். பெயரை விட அந்த வரைவிலக்கணம்தான் எனக்கு உறுத்துகிறது. செயலைக் குறிப்பது வேர்ப் என்றால் ‘ஓட்டம்’ என்ன? செயல்தான், ஆனால் தொழிற்பெயர். ‘ஹை ஜம்ப்’ என்பதில் ஜம்ப்? அதுவும் செயல், ஆனால் நவுண். ‘நோ’ என்றால் தெரிதல், அதில் கையும் காலும் என்ன செய்கிறது? தொல்காப்பியம் வினைக்குச் சொன்ன அடையாளத்தைப் பாருங்கள்: ‘ஐ’, ‘கு’ போன்ற வேற்றுமை உருபை ஏற்காது, காலத்தோடு தோன்றும். சொல் வசனத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்து அறிவது. ஆங்கிலத்துக்கும் அதுவே சுகம். முன்னால் ‘த’ வருமா, பின்னால் ‘எட்’ வருமா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கடலோரம்:
‘எட்’ என்றால் ‘கோ’ விழுந்துவிடும், ‘கட்’ விழுந்துவிடும். ‘இங்’ சேர்த்துப் பார்ப்பது பரவாயில்லை. அதற்கும் ஒரு பெடியன் எழும்பி “ரீச்சர், மோர்னிங்?” என்று கேட்டான். ‘இங்’ஐ எடுத்தால் மிச்சம் என்ன என்று அவனிடமே திருப்பிக் கேட்டேன்.

சேர், பெயர் சொல்வேன். பத்துத் தடவை அட்டை வைத்து விளையாடிய பிறகு, தரம் 5 இல்.

பனங்கூடல்:
பொருளைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. அங்கேயும் இதே கதைதான். கந்தசஷ்டி நேரம் அம்மம்மா விரதம் என்பதை “அம்மம்மா இஸ் ஃபாஸ்டிங்” என்று எழுதிக் காட்டினேன். “அம்மம்மா வேகமாகப் போகிறார்” என்று வாசித்துவிட்டுத் திண்ணையைத் திரும்பிப் பார்த்தான். அவர் அங்கே சாய்ந்து இருந்தார். கொப்பியில் ‘ஃபாஸ்ட்’ என்றால் வேகம், ஒரே ஒரு பொருள்.

கடலோரம்:
அக்கா, என் வகுப்பில் ‘ரைஸ்’ என்பதற்கு நேரே ‘சோறு’ என்று எழுதிவைத்த பிள்ளை, அம்மா கடையில் இரண்டு கிலோ சோறு வாங்கினார் என்று மொழிபெயர்த்தது. சொல்லோடு ஒரு வசனம் எழுதி, கீழே இரண்டு வரி வெறுமையாக விடச் சொல்கிறேன். அடுத்த பொருள் வரும்போது நிரப்பலாம்.

வெண்கட்டி:
அந்த இரண்டு வரி நல்லது, நானும் செய்திருக்க வேண்டும். ஆனால் ‘ஃபாஸ்ட்’ விரதமா வேகமா என்று பிள்ளை எதை வைத்து முடிவெடுக்கும்? அந்த இடத்தில் அது வேர்ப் என்று பிடிபட்டால், பாதி வழி வந்தாயிற்று. ஆகவே தரம் 5 பிந்திவிட்டது. தரம் 4 என்பதில் நான் மாறமாட்டேன்.

மூன்றாம்வாங்கு:
அப்படியானால் தமிழ்ப் பெயரையே சொல்லலாமே சேர்? பெயர்ச்சொல், வினைச்சொல் தமிழ்ப் பாடத்தில் எப்படியும் வரும்.

வெண்கட்டி:
அந்த இரண்டோடு நிறுத்தினால் சரி. தமிழில் பெயர், வினை, இடை, உரி என்று நான்கு. அட்ஜெக்டிவ் என்றால் உரிச்சொல் என்று எழுதிக்கொடுக்கிறார்கள், அது பொருந்தாது. பிறகு பிள்ளைக்கு இரண்டு மொழியும் குழம்பும்.

பனங்கூடல்:
இன்றைக்கு அட்டை வெட்டி வைத்தோம். கொப்பியில் நவுண் கட்டத்தில் உள்ள வோட்டரை அழிக்க வேண்டாம், வேர்ப் கட்டத்திலும் இன்னொரு தடவை எழுது என்றேன். எழுதிவிட்டுச் சற்று நேரம் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ‘பிளாண்ட்’ என்ற சொல்லையும், நான் சொல்லாமலே, இரண்டு கட்டத்திலும் எழுதினான்.