பேசாதிருக்கும் இரு விசுவாசிகளை ஒப்புரவாக்க ஆலோசனை தேவை

கர்த்தருக்குள் பிரியமான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். எங்கள் சபையில் நெடுங்காலம் சேர்ந்து ஊழியம் செய்த இரண்டு மூத்த சகோதரிகள், காணிக்கைக் கணக்கு தொடர்பான ஒரு வாக்குவாதத்திற்குப் பின் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. ஒருவர் ஜெபத்தை நடத்தினால், மற்றவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டியபடி ஆமென் சொல்லாமலே இருந்துவிடுகிறார். இருவருக்கும் வேண்டியவன் என்பதால், நான் நடுவில் நின்று பேச வேண்டுமென மூப்பர்கள் கேட்கிறார்கள்.

மத்தேயு 18:15, தப்பிதம் செய்தவரிடம் தனித்துப் போய்ப் பேசும்படி பாதிக்கப்பட்டவருக்கே சொல்கிறது. பிலிப்பியர் 4-ஆம் அதிகாரத்திலோ, ஒருமனமில்லாதிருந்த எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரு சகோதரிகளுக்குத் துணைநிற்கும்படி பவுல் மூன்றாம் நபர் ஒருவரைக் கேட்டுக்கொள்கிறார். இங்கே இருவருமே தம்மைப் பாதிக்கப்பட்டவராகக் கருதுவதால், முதலில் தனித்தனியாகச் சந்திப்பதா, நேரடியாக ஒன்றாக உட்காரவைப்பதா என்பதில் எனக்குத் தெளிவில்லை. கணக்கைச் சரிபார்க்காமல் மன்னித்துவிடுங்கள் என்று மட்டும் சொல்வது, எரேமியா 6:14 கண்டிக்கிற மேற்பூச்சான சமாதானமாகிவிடும் என்பது என் கருத்து (மூப்பர்களில் சிலர் இதை ஏற்கவில்லை).

ஒருவர் சொன்னதை மற்றவரிடம் எந்த அளவுக்குத் தெரிவிக்கலாம், போதகர் எந்தக் கட்டத்தில் வர வேண்டும் என்பதை, இத்தகைய பொறுப்பை ஏற்று நடத்தியவர்கள் தங்கள் அனுபவத்திலிருந்து எழுதினால் பேருதவியாக இருக்கும்.