பேட்டரி மாற்றியபின் வண்டி மறுபடி பழகுவதற்கு என்ன சொல்?

குன்னூர், தொழிற்பயிற்சி ஆசிரியர்:

வணக்கம். மோட்டார் மெக்கானிக் பிரிவுப் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறேன், வரைவை இங்கே போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை ஜெராக்ஸ் கடைக்குப் போயாக வேண்டும். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பழைய பேட்டரியைக் கழற்றியதும் பல வண்டிகளில் ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஓட ஓடத் தெரிந்துவைத்திருந்ததெல்லாம் அழிந்துபோகும். இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் பாடியில் கார்பன் படிந்திருந்தால் அதற்கு ஈடாக எவ்வளவு கூடத் திறக்க வேண்டும், பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்க வேண்டும் என்ற திருத்தங்கள்தான் அவை. புது பேட்டரி போட்டதும் ஈசிஎம் ஆரம்ப அளவுகளுக்குத் திரும்பிவிடுகிறது, ஆனால் கார்பன் அதே இடத்தில் இருக்கிறது. ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, ஆர்பிஎம் ஏறி இறங்குகிறது, கிளட்சை மிதித்தால் வண்டி ஆஃப் ஆகிறது. ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் விழுவது கொஞ்ச நாள் முரடாக இருக்கும். ஒரே தட்டில் ஏறும் ஜன்னல் கண்ணாடி ஏறாது. உடனே பேட்டரி கடைக்காரரோடு சண்டை.

ஈசிஎம் அந்தத் திருத்தங்களை மறுபடி தெரிந்துகொள்வதை ‘ஐடில் ரீலேர்ன்’ என்கிறார்கள். அதற்கு ‘வெற்றோட்ட மீள்கற்றல்’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?

கோத்தகிரி, பட்டறைக்காரர்:

சார், எங்கள் பட்டறையில் ‘ஸ்லோ இன்னும் செட் ஆகல, கொஞ்சம் ஓட்டுனா சரியாயிடும்’ என்போம். அதையே போடுங்கள். வெற்றோட்டம் என்று எழுதினால் பசங்க வெற்றி ஓட்டம் என்று படிப்பான்கள்.

உதகை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

வெற்றி ஓட்டம் என்றால் வெற்றியோட்டம் என்றல்லவா ஆகும்? யகர உடம்படுமெய் எங்கே போயிற்று? வெறுமை + ஓட்டம். மை விகுதி கெட்டு, தன்னொற்று இரட்டி, வெற்று + ஓட்டம், பிறகு உகரம் கெட்டு வெற்றோட்டம். வெற்றிலையும் இப்படி வந்ததுதான். பூவும் காயும் இல்லாத வெறும் இலை. சுமை இல்லாமல் இன்ஜின் வெறுமனே ஓடுவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

கற்றல் என்பதையும் விட்டுவிடாதீர்கள். கல்லுதல் என்றால் தோண்டுதல். கல்வியும் அதிலிருந்தே வந்தது என்பது என் துணிபு. மணற்கேணியையும் கல்வியையும் வள்ளுவர் ஒரே குறளில் வைத்தது சும்மாவா? இயந்திரமும் தோண்டித்தான் அறிகிறது.

கூடலூர், மிளகு விவசாயி:

ஐயா, வெற்றிலை மிளகு இனத்துக் கொடி. அதுவும் பூக்கும். நாம் இலையைக் கிள்ளிக்கொண்டே இருப்பதால் பார்ப்பதில்லை.

அப்புறம், வரைவில் பேட்டரியைச் சில இடத்தில் ‘மின்கலம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் குடும்பம் இலங்கையிலிருந்து திரும்பி, அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயில் குடியேறியது. வீட்டுப் பெரியவர்கள் மின்கலவடுக்கு என்பார்கள். கார் பேட்டரியில் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையும் ஒரு கலம், ஏறக்குறைய 2 வோல்ட். ஆறையும் அடுக்கினால்தான் 12. கலத்துக்கும் அடுக்குக்கும் ஒரே பெயர் வைத்தால், ‘ஒரு கலம் செத்துவிட்டது’ என்று பையனுக்கு எப்படிச் சொல்வீர்கள்?

கோத்தகிரி, பட்டறைக்காரர்:

‘ஒரு செல் போச்சு’ என்று சொல்வோம்.

கற்றபின் நிற்க என்றார் வள்ளுவர். இந்த வண்டி கற்பதற்கு முன்னாடியே நின்றுவிடுகிறது, ஐயா.

குன்னூர்க்காரர், பெங்களூரில் வாகன மென்பொருள் வேலை:

எதைக் கற்கிறது என்று பிரித்துவிட்டுச் சொல்லுக்குப் போகலாம். மேட்டுப்பாளையத்தில் பேட்டரி போட்டு ஊட்டிக்கு ஏறினால், சமவெளியில் கற்றது மலையில் தப்பாகிவிடும் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தோடு பார்த்தால் காற்றழுத்தம் ஏறக்குறைய கால் பங்கு குறைவு. ஆனால் அழுத்தத்தை சென்சார் நேராக அளந்து சொல்லிவிடும். அது அளத்தல். கார்பன் எவ்வளவு படிந்திருக்கிறது என்று சொல்ல சென்சார் கிடையாது. விளைவைப் பார்த்துத்தான் ஈசிஎம் ஊகிக்க வேண்டும். மறந்துபோவது இந்த ஊகம்தான்.

அதனால் ‘கற்றல்’ எனக்குக் கொஞ்சம் பெரிய சொல்லாகப் படுகிறது. ‘பழகல்’ போதாதா? பழகு தன்வினை, பழக்கு பிறவினை. இந்த வேறுபாடு இங்கே உண்மையிலேயே உதவும். சில வண்டிகள் ஓட்ட ஓட்டத் தானாகச் சரியாகும், அது பழகல். சிலவற்றில் ஸ்கேனர் மாட்டி மெக்கானிக் செய்துவிட வேண்டும், அது பழக்கல். தெப்பக்காட்டில் யானையைப் பழக்குகிறார்கள் என்றுதானே சொல்கிறோம், யானைக்குக் கல்வி புகட்டுகிறார்கள் என்றா சொல்கிறோம்?

குன்னூர், தொழிற்பயிற்சி ஆசிரியர்:

இது பிடித்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள். மீள்பழகல், மீள்பழக்கல்?

உதகை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மீள்பழகல் வினைத்தொகை. மீண்ட பழகல், மீள்கின்ற பழகல், மீளும் பழகல் என்று விரியும். பழகல் எங்கிருந்து மீள்கிறது? ‘மறுபடியும்’ என்ற பொருள் அதில் இல்லை. மீள்பதிவு, மீள்பார்வை எல்லாம் செய்தித்தாள் பழக்கம். மறுபிறவி, மறுமணம் போல ‘மறு’ என்று தொடங்குங்கள். ஆனால் ‘மறு’ என்றால் குற்றம் என்றும் பொருள் உண்டு, நிலவின் மறு.

கூடலூர், மிளகு விவசாயி:

மறுமணத்தில் குற்றம் இல்லை, ஐயா.

கோத்தகிரி, பட்டறைக்காரர்:

பெயர் எதுவானாலும் செய்முறையைத் தெளிவாக எழுதுங்கள். ஏசி, லைட் எல்லாம் அணைத்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஓட விட வேண்டும். அப்புறம் ஏசி போட்டுக் கொஞ்ச நேரம். அதன் பிறகு ஒரு ரவுண்டு ஓட்டம். வண்டிக்கு வண்டி மாறும், கம்பெனி புத்தகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இதை முடிக்காமல் பர்லியாறு இறக்கத்தில் விடவே கூடாது. வளைவில் கிளட்சை மிதித்து, இன்ஜின் ஆஃப் ஆனால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். பிரேக் இரண்டு மிதிக்குத் தாங்கும், அப்புறம் பலம் முழுக்கக் காலில்தான். இரண்டாவது கியரில் இறங்கு என்று மலைக்காரன் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான்.

புது பேட்டரி போட்டால் மைலேஜ் கூடுமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வரி போடுங்கள். செல்ஃப் சுறுசுறுப்பாக எடுக்கும், காலைக் குளிரில் தெரியும். வண்டி ஓட ஆரம்பித்தபின் கரண்ட் ஆல்டர்னேட்டர் கொடுப்பது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

குன்னூர், தொழிற்பயிற்சி ஆசிரியர்:

நேரமாகிவிட்டது. ‘ஐட்லிங் மறுபழகல்’, ‘ஐட்லிங் மறுபழக்கல்’ என்று போடுகிறேன். மூன்று பேர் சரி என்று தனியாக எழுதினார்கள். கையேட்டில் ‘பேட்டரி’ அப்படியே இருக்கட்டும். மின்கலவடுக்கை ஆறு அறைப் படத்துக்குக் கீழே சேர்த்துவிட்டேன்.

உதகை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தலை ஆங்கிலம், உடல் தமிழ். நான் இதற்கு உடன்படவில்லை என்று பதிவு செய்கிறேன். வெற்றோட்டத்தை இன்று விட்டால் நாளை யாரும் எடுக்க மாட்டார்கள். ஐட்லிங்கைப் பிள்ளைகள் பட்டறையில் கற்றுக்கொள்ளத்தான் போகிறார்கள், நீங்களும் ஏன் சொல்லித்தர வேண்டும்?

கோத்தகிரி, பட்டறைக்காரர்:

சார், இரண்டு பிரதி பட்டறைக்கும் அனுப்புங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில் என்று எழுதியிருக்கிறீர்களா? வரைவில் என் கண்ணில் படவில்லை.