பித்தளைத் துண்டு பிரஸ்ஸில் வயிறு வெடிக்கிறது, என்ன பிழை?

கல்லடிப் பட்டறை:
வணக்கம். மட்டக்களப்பில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். தோணிக்குத் தலை தடித்த பித்தளை முளை கேட்டார்கள். பழைய இரும்புக் கடையில் எடுத்த 20 மில்லிமீற்றர் ரொட்டில் 30 மில்லிமீற்றர் துண்டு வெட்டி, பிரஸ்ஸில் நிறுத்தி அமுக்கினேன். பாதி உயரம் வருமுன்பே நடு புடைத்து, மேலிருந்து கீழாக நான்கு கீறல். செம்புத் துண்டென்றால் கீறலே இல்லாமல் தட்டையாகிறது. வார்ப்பிரும்பையும் வைத்துப் பார்த்தேன். சரிவாகப் பிளந்து ஒரு பாதி சுவரில் போய் அடித்தது. நான் அமுக்கத்தானே செய்கிறேன், இழுக்கவில்லையே. பிரஸ் கோணலா?

சம்மாந்துறை நானா:
முதலில் அந்த வார்ப்பிரும்பு விளையாட்டை விடுங்கள் தம்பி, கண் போயிருக்கும்.
பிரஸ் கோணலென்றால் துண்டு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மேலும் கீழும் தகட்டோடு உராய்ந்து பிடிபடுவதால் நுனிகளால் விரிய முடியாது, நடுதான் பீப்பாய் போலப் புடைக்கும். அப்போது வயிற்றைச் சுற்றியுள்ள தோல் இழுபடுகிறது. அமுக்குவது நீங்கள்தான், ஆனால் அந்த இடத்தில் நடப்பது இழுவை. கீறல் நெடுக்காக விழுவது அதனால்தான். வார்ப்பிரும்பு வேறு கதை. இழுவையைவிட மூன்று நான்கு மடங்கு அமுக்கம் தாங்கும், தாண்டினால் சரிவாக வழுக்கி ஒரேயடியாக உடையும்.
இரு முகத்துக்கும் கிறீஸ் பூசிப் பாருங்கள்.

கல்லடிப் பட்டறை:
பூசினேன். புடைப்புக் குறைந்தது, இன்னும் கொஞ்சம் அமுக்க முடிந்தது. மறுகா அதே கீறல்.

சம்மாந்துறை நானா:
லேத்தில் கடைந்தால் சீவல் சுருளாக வருகிறதா, பொடியாகவா?

கல்லடிப் பட்டறை:
பொடி. ரவை மாதிரிப் பறக்கிறது.

சம்மாந்துறை நானா:
அப்ப அது ஈயம் போட்ட பித்தளை. கடைவதற்கென்றே 2, 3 வீதம் சேர்ப்பார்கள். ஈயம் பித்தளையில் கரையாமல் சின்னச் சின்ன மணியாக உள்ளே கிடக்கும். சீவலை முறிப்பதும் அதுதான், உங்கள் துண்டைப் பிளப்பதும் அதுதான். குளிராக அமுக்கினால் சரிவராது. 700 பாகை செல்சியஸ் அளவில் செஞ்சூடாக்கி அமுக்குங்கள், மெழுகு போல வரும்.

வாழைச்சேனைத் தோணி:
தோணியில் எங்கே பூட்டுவது? உப்புத் தண்ணீரில் நிற்கிற இடமென்றால் வேண்டாம். இந்தப் பித்தளையில் கிட்டத்தட்ட 40 வீதம் நாகம், அதாவது துத்தநாகம். உப்பு நீர் நாகத்தைத் தின்றுவிட்டு, செம்பைப் பஞ்சாக மிச்சம் வைக்கும். எங்கள் தோணியில் ஒன்று சிவந்து கிடந்தது, சுத்தியலால் தட்டியதும் உதிர்ந்தது.

கல்லடிப் பட்டறை:
தண்ணீருக்குள்தான். அப்ப சூடாக்குகிற வேலையும் இல்லை. கன்மெற்றல், அதுதான் செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கல வகை, அதில் தடித்த துண்டொன்று கிடக்கிறது, அதிலேயே தலையோடு சேர்த்துக் கடைந்து எடுக்கிறேன்.

சம்மாந்துறை நானா:
அது நல்லது. அந்த வார்ப்பிரும்புப் பாதி எங்கே?

கல்லடிப் பட்டறை:
மேசைக்குக் கீழே. சுவரில் சீமெந்து பெயர்ந்திருக்கிறது நானா.