புதுப்பிப்பு: அந்த 1976 எல்டொராடோவை நேரில் பார்த்தாச்சு

ஒஹாயோவில் விற்பனைக்கு வந்த 1976 காடிலாக் எல்டொராடோ கன்வர்ட்டிபிள் (கூரையை மடித்துத் திறக்கும் கார்) 11,000 மைல்தான் ஓடியது என்கிறார்களே, நம்பலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய்ப் பார்த்துவிட்டேன்.

ஓடோமீட்டரில் ஐந்தே இலக்கம். ஒரு லட்சம் தாண்டினால் மறுபடி பூஜ்யம்தான், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பிரேக் பெடலைக் குனிந்து பார்த்தேன். ரப்பர் வரிகள் ஓரத்தில்கூடத் தேயவில்லை. பழைய சர்வீஸ் ரசீதுகளிலும் மைல் கணக்கு ஒழுங்காக ஏறி வருகிறது. சரி, நம்பலாம்.

ஆனால் பின் பம்பருக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள பிளாஸ்டிக், தொட்டால் அப்பளமாக நொறுங்குகிறது. அந்தக் காலக் காடிலாக்குகளுக்கே உள்ள வியாதி, ஓட்டாமல் வைத்தாலும் தப்பாது. டயர்களின் தேதிக் குறியில் மூன்று இலக்கம், அதாவது 2000க்கு முந்தையவை. 8.2 லிட்டர் வி8 இன்ஜின் மட்டும் அலுங்காமல் ஓடுகிறது.

கடைசி அமெரிக்கக் கன்வர்ட்டிபிள் என்ற பேச்சில் அந்த வருடம் 14,000 வண்டிகள் போயின. பலர் முதலீடாகப் பூட்டி வைத்தார்கள். 1984இல் காடிலாக்கே மறுபடி கன்வர்ட்டிபிள் விட்டது! அதனால் ‘அபூர்வ வண்டி’ விலையெல்லாம் நான் தர மாட்டேன். டயர், பிளாஸ்டிக் செலவைக் கழித்துக் கேட்டிருக்கிறேன். விற்பவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார்.